நான் இறங்கிய படகில் அவர் ஏறுவார்

போர்ட் கிள்ளானோடு ரயில் பாதை முடிந்துவிடும். நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் ஜெட்டி என்னும் படகுத்துறை. புலாவ் கேத்தாம் தீவுக்குப் போகும் ஃபெரிகள் அங்கிருந்துதான் புறப்படும். தீவின் அரசாங்கக் கிளினிக்கில் எனக்குத் தாதி வேலை கிடைத்தபோது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்மா, அங்க பஸ் போகாதா?"

பஸ் மட்டுமல்ல, கார்கூட அந்தத் தீவில் கிடையாது. சேற்றுக்கு மேலே கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், நடுவில் குறுகலான நடைபாதை, அதில் சைக்கிள்கள். பெரும்பாலும் சீன மீனவக் குடும்பங்கள். அரிசி, பள்ளி ஆசிரியர்கள், சமையல் எரிவாயு, கல்யாணப் பெண், எல்லாம் ஃபெரியில்தான் வரவேண்டும். நானும் தினமும் அதில்தான் போய் வந்தேன். விடியுமுன் ரயில், விடிந்தபின் ஃபெரி.

முதல் வாரமே அந்தச் சீன ஆன்டியைக் கவனித்துவிட்டேன். படகு தீவை அடைந்து நாங்கள் இறங்கும்போது, அதே படகில் ஏறி போர்ட் கிள்ளானுக்குப் போக அவர் காத்திருப்பார். பூப்போட்ட குடை, கையில் ஃபிளாஸ்க், பக்கத்தில் அவருடைய கணவர். ஆன்டிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. வாரத்தில் மூன்று நாள் கிள்ளானுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். தீவில் அந்த வசதி இல்லை.

"மிஸி, சுடா மாக்கான்?" என்பார். தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். நான் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆவியில் வெந்த ஒரு பாவ் ரொட்டியை என் கையில் திணித்துவிட்டுப் படகில் ஏறிவிடுவார். நான் இறங்கி அவர் ஏறும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் பழக்கம்.

ஒரு மழைக்காலத்தில் அவர் ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டார். தங்கை மகளின் கல்யாண விருந்து. போகாமல் இருக்க மனம் வரவில்லை. அடுத்த முறை கிளம்ப வேண்டிய காலையில் காற்று பிடித்துக்கொண்டது. என்னைக் கொண்டுவந்து இறக்கிய ஃபெரி திரும்பிப் போகவில்லை. ஆன்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மதியத்துக்கு முன்னால் அவர் கணவர், மீன் ஏற்றும் தள்ளுவண்டியில் அவரை உட்காரவைத்துக் கிளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கால்கள் வீங்கி, பேச முடியாமல் மூச்சு வாங்கியது. கிள்ளான் மருத்துவமனை டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் சொன்ன ஊசியைப் போட்டு, ஆக்சிஜன் வைத்தேன். "எப்படியாவது இங்க கொண்டு வந்துடுங்க," என்றார் டாக்டர்.

அதே தள்ளுவண்டியில் ஆன்டியையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் வைத்து ஜெட்டிக்குப் போனோம். ஃபெரியில் கயிறு கட்டும் அண்ணன் போர்ட் கிள்ளான் தமிழர். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, காத்து கொஞ்சம் அடங்கட்டும் லா. கேப்டன் எடுக்க மாட்டாரு."

"அடங்குற வரைக்கும் ஆன்டி தாங்குவாங்களான்னு தெரியல அண்ணே."

அவர் தள்ளுவண்டியை எட்டிப் பார்த்தார். கேப்டனிடம் போனார். இருவரும் கடலையே பார்த்தபடி நெடுநேரம் பேசினார்கள். மழை தணிந்து, எதிர்க்கரைச் சதுப்புக்காடு மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும் கேப்டன் இயந்திரத்தை முடுக்கினார். அவசர வேலை உள்ளவர்கள் மட்டும் ஏறலாம் என்றார்கள். பின்பக்கம் ஆட்டம் குறைவு என்பதால், ஏறியவர்கள் அந்த இருக்கைகளை எங்களுக்கு விட்டுவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

எனக்கும் பயம்தான். எனக்கு நீச்சல் தெரியாது. ஆன்டி என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. "மிஸி, நான் செத்துடுவேனா?" என்று மலாயில் கேட்டார். "கிள்ளான் போய்ட்டா சரியாயிடும் ஆன்டி," என்றேன். அவர் கணவர் சிலிண்டரை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வழியில் முன்னால் யாரோ வாந்தி எடுத்தார்கள். போர்ட் கிள்ளான் ஜெட்டியில் ஆம்புலன்ஸின் விளக்கு சுழல்வதைப் பார்த்ததும் இன்னொரு கையை உயர்த்தி ஆட்டினேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் மகள் அவரைத் தீவுக்குத் திரும்ப விடவில்லை. கிள்ளானில், டயாலிசிஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தன் அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொண்டாள். வலையை விட்டு வர மனமில்லாமல் கணவர் தீவிலேயே இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நானும் ஆன்டியும் உண்மையில் பழகினோம். டயாலிசிஸ் இல்லாத காலைகளில் அவர் ரயில் ஏறி ஜெட்டிக்கு வந்து உட்கார்ந்திருப்பார். ஃபெரி புறப்படும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் இருப்போம். கணவருக்கு என்று மூங்கில் இலையில் பொதிந்த சோற்றுப் பொட்டலத்தைக் கொடுப்பார். மாலையில் கணவர் கொடுத்தனுப்பும் காய்ந்த இறாலை நான் வாங்கி வந்து, மறுமுறை ஆன்டியிடம் சேர்ப்பேன்.

"மாடி வீட்டுல ஒரே அமைதி மிஸி. கீழே தண்ணிச் சத்தமே இல்ல. தூக்கம் வரல," என்றார் ஒருநாள்.

"அப்ப ஃபெரியில ஏறி ஒரு தடவை வீட்டுக்குப் போய்ட்டு வாங்களேன்."

"போனா திரும்பி வர மாட்டேன். மகளுக்கு அது தெரியும்," என்று சிரித்தார்.

பிறகு நான் மாற்றலாகிக் கோலாலம்பூருக்கு வந்துவிட்டேன். அடுத்த ஆண்டு ஆன்டி இறந்ததை மகள் தொலைபேசியில் சொன்னாள். சாம்பலை ஃபெரியில் கொண்டுபோய்த் தீவுக்கு அருகே கடலில் கரைத்தார்களாம். எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு விடுமுறை நாளில், காரணம் எதுவும் இல்லாமல் ரயில் ஏறி போர்ட் கிள்ளானுக்குப் போனேன். ஜெட்டிக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நண்டு சாப்பிடப் போகும் குடும்பங்கள் வரிசையில் நின்றன. கயிறு கட்டும் அண்ணனுக்கு மீசை நரைத்திருந்தது.

"தங்கச்சி, மறுபடியும் இங்கேயே போஸ்டிங்கா?"

"இல்ல அண்ணே. சும்மா ஒரு சுத்து போய்ட்டு வரலாம்னு."

"ஏறுங்க, ஏறுங்க," என்று வழிவிட்டார். அன்று ஆன்டியோடு உட்கார்ந்திருந்த பின்பக்கத்தில், ஜன்னலோரமாக ஓர் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.