டிக்கெட் சேர்ப்பது என் ஹாபியாம்

தங்கை மகனுக்குக் காய்ச்சல் என்று இன்று செம்பாக்கத்தில் குழந்தைகள் டாக்டரிடம் போயிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் ஓர் அம்மாவும் பதினாறு வயது மகளும் உள்ளே போனார்கள். டாக்டர் அம்மாவை மட்டும் ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"யார்னா உன்னைத் தொந்தரவு பண்றாங்களான்னு கேக்கணுமாம். என் பொண்ணாண்ட எனக்குத் தெரியாம இன்னா கீது?"

எனக்கும் பதினாறு வயதில், தொண்ணூற்றிரண்டில், தாம்பரத்தில் ஒரு டாக்டர் இருந்தார்.

என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. முறுக்கியவன் டியூஷனில் கூடப் படித்தவன். எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன் என்று தினமும் அவனிடம் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பழைய டிக்கெட்டையும் திடீரென்று கேட்பான். அன்று ஒன்று குறைந்தது.

டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அம்மாவிடம் கேட்டார். "த்ரோபால் ஆடினா சார்" என்றாள், நான் சொன்னதை நம்பிய அம்மா. மருந்துச் சீட்டை வைக்க என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். டிக்கெட்டுகள் மேஜையெல்லாம் கொட்டின.

"டிக்கெட் சேக்கறது இவ ஹாபி சார்."

"வெரி குட்! ஸ்டாம்பும் சேக்கச் சொல்லுங்க" என்றார் அந்த மேதை. பெயருக்குப் பின்னால் இரண்டு டிகிரி வேறு.

இன்றைய அம்மாவிடம் கேட்டேன். "வந்ததும் உங்க பொண்ணு டோக்கனை போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினாளே?"

"அதுவா? எங்க போனாலும் அனுப்பிக்கினேதான் இருப்பா. அது அவ ஹாபி."

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஹாபி?