மேடம் வைத்த கூட்டமும் என் செம்பனைத் தோட்டமும்

முழங்கால் தண்ணீரில், கையில் மீகூன் நூடுல்ஸ் தட்டோடு மேடம் நின்ற காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். கூடவே கோபமும் வரும்.

நிலம், ஆறு, காடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள, தோட்டக்காரர்களை ஒரே நெட்வொர்க்காக்க வேண்டும் என்று எங்கள் ஊர் குளுவாங்குக்கு அனுப்பப்பட்ட அதிகாரி அவர். ஹோட்டலில் கூட்டம் வைத்தார். மேட்டில் தோட்டம் வைத்திருக்கும் பாய், நடுவில் ஓய்வுபெற்ற வாத்தியார், பள்ளத்தில் நான், எல்லாரும் போனோம். வாய்க்காலை நன்றாகப் பராமரியுங்கள் என்றார். தலையாட்டினோம். சாப்பாடு நன்றாக இருந்தது.

யார் பேச்சையும் கேட்காத ஆட்கள் அந்த ஒரு முறை கேட்டுத் தொலைத்தார்கள். பாய் மண்வாரி இயந்திரம் வரவழைத்துத் தன் வாய்க்காலை ஆழமாக வெட்டினார். வந்த இயந்திரம் சும்மா திரும்புவானேன் என்று வாத்தியாரும் வெட்டினார். என் எல்லையில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மழையில் இரண்டு தோட்டத்துத் தண்ணீரும் வந்து, எண்ணெய்க்காக நான் புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகள் மேல் உட்கார்ந்தது. வேர் அழுகினால் என் பிழைப்பு போச்சு.

மேடத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உங்க நெட்வொர்க் முழுசா என் தோட்டத்துலதான் வந்து சேர்ந்திருக்கு. வந்து பாருங்க."

சரி, வருகிறேன் என்றார். அடுத்த கூட்டத்தை, சாப்பாட்டோடு சேர்த்து, என் தோட்டத்துக்கே மாற்றிவிட்டார். எல்லாரும் காலில் ஹோட்டலுக்குப் போகிற சப்பாத்தோடு வந்து இறங்கினார்கள். என் லாரியின் பின்பக்கம்தான் சாப்பாட்டு மேசை. வாத்தியாரின் ஒரு சப்பாத்து சேற்றில் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

பாய் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அலமாக், ஐயய்யோ, இது என் தண்ணியா?"

"பின்னே, என் வீட்டுக் குழாய்த் தண்ணியா?" என்றேன்.

மழை நேரத்தில் பாய் தன் வாய்க்கால் வாயைப் பலகை வைத்து அடைத்தால் தண்ணீர் மெதுவாக இறங்கும் என்றார் மேடம். "உங்க மரம் பெருசு பாய், ரெண்டு நாள் தண்ணி நின்னாலும் தாங்கும். இவர் கன்னு தாங்காது."

பாய் மீகூனை மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்தார். "சரி லா. ஆனா இவன் வந்து பலகைக்கு ஒரு பக்கம் புடிக்கணும்."

கன்றுகளில் பாதி பிழைத்தன. மேடம் இப்போது வேறு ஊரில் வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் நல்ல மழை. பாய் போனில், "எங்கடா இருக்க, நான் ஒருத்தனா தூக்குறதா?" என்றார். நான் போவதற்குள் வாத்தியார் அங்கே குடையோடு நின்றிருந்தார், தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு. பலகையை இறக்கினோம். பாய் தோட்டத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

நான் பலகையின் என் பக்கத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.