முதல் சீட்

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு காலனியில் குடியிருக்கிறார் பெஞ்சமின். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலம் கழித்தவர்கள். இவர் வேன் ஓட்டினார், கால் டாக்ஸி ஓட்டினார், கடைசியில் நாவலூரில் ராக்கெட் கம்பெனி நடத்தும் சரவணகுமாருக்கு டிரைவராகச் சேர்ந்தார். ஒரே மகள் ஜெனிஃபர் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்வந்து இன்ஜினியரிங் படித்தாள். அதே கம்பெனியில் அவளுக்கும் வேலை கிடைத்தது. அப்பாவின் சிபாரிசு இல்லாமல், பரீட்சை எழுதித்தான் உள்ளே போனாள். அதைச் சொல்லும்போதெல்லாம் பெஞ்சமின் குரல் கொஞ்சம் உயரும்.

சரவணகுமார் எந்த மேடையில் ஏறினாலும் ஒன்றைத்தான் சொல்வார். செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதர்களை அனுப்பப்போகிறேன், முதல் ராக்கெட்டில் நானும் போவேன், அங்கேயே வாழ்ந்து அங்கேயே சாவேன் என்பார்.

டீக்கடையில் பெஞ்சமினைப் பார்த்தால் ஆட்கள் விடமாட்டார்கள். "அண்ணாத்த, உங்க சாரு நெசமாவே போவாரா, இல்ல சும்மா உடான்ஸ் உடறாரா?"

"போவாரு. அந்தாளு சொன்னா செய்வாரு."

நம்பித்தான் சொன்னார். கோவளம் கடற்கரையில் வியர்வை சொட்டச் சொட்ட சார் ஓடியதையும், பின்சீட்டில் உட்கார்ந்து செவ்வாய் மண்ணின் படங்களையே பார்த்துக்கொண்டிருந்ததையும் வேறு யார் பார்த்தார்கள்?

ஒரு விளம்பரப் படத்துக்காக மாமல்லபுரத்தில் மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறினார் சார். அலையைத் தாண்டுவதற்குள் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். படகுக்காரர்கள் தூக்கிவந்து மணலில் கிடத்த, பெஞ்சமின் அவரைக் காரில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பறந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சார் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்ததே இல்லை.

"மூளைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்காம், பெஞ்சமின். ஆபரேஷன் பண்ண முடியாத இடமாம். ராக்கெட்ல ஏறினா உயிரோட இறங்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அப்போ சார்..."

"நான் போக முடியாது. எப்பவுமே." ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "வெளிய தெரிஞ்சா கம்பெனி நிக்காது. இத்தனை பேர் வேலை செய்றாங்க, உங்க பொண்ணும்தான். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

சார் அழுதுகொண்டிருந்தார். பெஞ்சமின் தலையாட்டினார். அழுகிறவரிடம் வேறென்ன செய்வது?

அடுத்த மாதமே செங்கல்பட்டில் ஒரு கல்லூரி விழா. "முதல் சீட் என்னோடது!" என்றார் சார். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். தண்ணீர் பாட்டிலும் கையுமாக வாசலில் நின்ற பெஞ்சமினுக்கு அவமானமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு சாயங்காலம் ஜெனிஃபர் வந்து சொன்னாள். "அப்பா, மொதல் குரூப்ல என் பேர் வந்துகீது!"

லடாக்கில் பயிற்சி. ராக்கெட் தயாரானதும் செவ்வாய். போனால் போனதுதான்.

கையிலிருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் அவள் அம்மா பொன்னி. "திரும்பி வரமாட்டியாடி?"

"அதுக்கு இன்னும் எவ்ளோ வருஷம் கீதும்மா."

பொன்னி புருஷனைப் பார்த்தாள். "இந்தாய்யா, உங்க சாரும் கூடப் போறாரு இல்ல? அவ்ளோ பெரிய மனுஷன் கூட இருந்தா, நம்ம புள்ளைய அம்போன்னு உட்ருவாரா?"

பெஞ்சமின் தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

மறுநாள் காலை ஈசிஆர் ரோட்டில் காரில் போகும்போது கேட்டேவிட்டார். "சார், ஜெனிஃபர் பேரை எடுத்துருங்க சார்."

"அவங்களா கொடுத்த பேரு, பெஞ்சமின். எல்லாத்துலயும் முதல்ல வந்திருக்காங்க. திடீர்னு எடுத்தா ஏன்னு கேப்பாங்களே, நான் என்ன சொல்ல?"

"நீங்களே போவலியே சார்."

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னால முடிஞ்சா இன்னைக்கே போவேன்," என்றார்.

அது பொய்யில்லை என்று பெஞ்சமினுக்குத் தெரியும். பொய் என்றால் கோபப்பட்டிருக்கலாம், வேலையை உதறிவிட்டு வந்திருக்கலாம். கோபம்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனார். கொடுத்த வாக்கை மீறி, படகு, ஆஸ்பத்திரி, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியும்ப்பா," என்றாள் ஜெனிஃபர்.

"இன்னா தெரியும்?"

"வியாதி இன்னான்னு தெரியாது. ஆனா மெடிக்கல் டெஸ்ட்டுக்கு எல்லாரும் போனோம், அவர் மட்டும் வரல. அவர் போகமாட்டார்னு ஆபீஸ்ல எல்லாருக்குமே தெரியும். யாரும் வாயத் திறக்கறதில்ல."

"அப்புறம் நீ மட்டும் ஏம்மா போவணும்? அவரு வர்றாருன்னுதானே பேரு குடுத்த?"

"அவருக்காக இல்லப்பா. எனக்குப் போவணும்."

இந்த உண்மையைச் சொல்லிவிட்டால் மகள் நின்றுவிடுவாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். கையில் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போயிற்று. எதிரே குழந்தைகள் அலையில் கத்திக்கொண்டு ஓடின.

"அம்மாகிட்ட சொல்லிடாதப்பா," என்றாள் எழுந்திருக்கும்போது. "சாரும் வர்றார்ன்ற தைரியத்துலதான் அது நடமாடிகினு கீது."

ஜெனிஃபர் லடாக் போய்விட்டாள். டவர் கிடைக்கும்போது போன் செய்கிறாள், குளிர் அதிகம் என்கிறாள், நன்றாக இருக்கிறேன் என்கிறாள். ராக்கெட் இன்னும் பாதிகூட முடியவில்லை என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். முடியவே கூடாது என்று பெஞ்சமின் ஜெபம் செய்கிறார். மகளுக்கு எதிராகவே ஜெபம் செய்கிறோமே என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்.

பொன்னி இப்போதெல்லாம் திங்கட்கிழமை காலையில் வஞ்சிரம் மீன் குழம்பு வைத்து, தனி டிபன் கேரியரில் சாருக்குக் கொடுத்தனுப்புகிறாள். "நம்ம பொண்ணை நல்லாப் பாத்துக்கணும்னு சொல்லுய்யா. அங்க அவளுக்கு அவர உட்டா ஆரு கீறா?"

பெஞ்சமின் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். முதல் தடவை சார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பெஞ்சமின் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் சாப்பிட்டார். "ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து பெஞ்சமின் அப்படியே சொன்னார். பொன்னிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அடுத்த தபா எறா செய்யட்டுமா? துன்னுவாரான்னு கேளு," என்றாள்.

"கேக்கறேன்," என்றார் பெஞ்சமின்.