அப்பாவுக்குப் பதிலாக ஒரு அப்பா

லிஃப்ட் கம்பெனியில் அவள் புருஷனுக்கு ‘அப்டேட்’ என்று பெயர். பாராட்டித்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். உயரமான கட்டடங்களின் லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் போடுவதும் கம்பி வடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவன் வேலை. அதில் கெட்டிக்காரன்தான், அவளே ஒப்புக்கொள்வாள். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போது மூளையையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவான் என்பதுதான் அவள் கட்சி.

குளியலறை விளக்குக்கு ஒழுங்கான சுவிட்ச் ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, பேசினால் எரிகிற பல்பை மாட்டினான். இணையம் படுத்துக்கொள்ளும் நாட்களில் அவளும் மகளும் இருட்டில் நின்று பல்பைக் கெஞ்சினார்கள். வாசல் பூட்டுக்குக் கைரேகை வைத்தான். பாத்திரம் தேய்த்த கையோடு குப்பை கொட்டப் போய்த் திரும்பியவளை, அந்தப் பூட்டு ஆள் தெரியாது என்று வெளியே நிறுத்தியது. அவன் வந்து திறந்துவிட்டு, “விரலைக் கொஞ்சம் காய வெச்சுக்கக் கூடாதா?” என்றான். பூட்டின் மீது அவனுக்குக் கோபமே வரவில்லை.

பிள்ளை வளர்ப்பையும் அவன் விட்டுவைக்கவில்லை.

லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் ஃபோனில் சிக்னல் இருக்காது. மகள் அனுப்புகிற மெசேஜ் சாயங்காலம் வரை பார்ப்பாரற்றுக் கிடக்கும். “அப்பா எதுக்குமே பதில் போட மாட்டேங்குது” என்று மகள் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வேறொருவனாக இருந்தால் மதியம் மேலே ஏறி வந்து ஒரு ஃபோன் போட்டிருப்பான். இவன் லேப்டாப்பைத் திறந்தான். அப்பனும் மகளும் வருஷக்கணக்கில் பரிமாறிக்கொண்ட மெசேஜ்களை அள்ளிப் போட்டு, தன்னைப் போலவே பதில் எழுதுகிற புரோகிராம் ஒன்றைத் தயார் செய்துவிட்டான்.

“இனிமே நான் குழிக்குள்ள கிடந்தாலும் அப்பா பதில் சொல்லுவான்” என்று கைதட்டினான். மகளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, “பசிக்குதுன்னு அனுப்பு” என்று கத்தினான். அனுப்பினாள். ‘ஐயோ என் கண்ணு, சாப்பிடுடா’ என்று பதில் போனது. அவன் சோஃபாவிலேயே துள்ளினான்.

“புள்ளைக்குப் பசிக்குதான்னு எழுந்து போய்ப் பார்த்தீங்களா?” என்றாள் அவள்.

“உனக்கு ரசனையே கிடையாது.”

“எனக்குப் புள்ளைதான் இருக்கு.”

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. ஒருநாள், வீங்கிய கன்னத்தோடு ஒருவர் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது மகளுடைய வாலிபால் கோச்சம்மா கூப்பிட்டார்.

“உங்க வீட்டுக்காரர் மாதிரி அப்பா எல்லாருக்கும் கிடைக்கணும்ங்க. நேத்துதான் விடுதியில இடம் இருக்குன்னு சொன்னேன். இன்னைக்கே சம்மதம் சொல்லிட்டாரு. மெசேஜை பொண்ணு காட்டினா.”

விளையாட்டு விடுதி வேறு ஊரில் இருந்தது. அங்கேயே பள்ளிக்கூடம், அங்கேயே தங்கல். விடுமுறைக்குத்தான் வீடு. இத்தனையையும் அவள் அந்தக் கோச்சம்மா வாயால் தெரிந்துகொண்டாள். வீங்கிய கன்னக்காரர் பெயரைச் சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் அவன் கிரீஸ் வாடையோடு உள்ளே வந்தான். மகளின் ஃபோனை வாங்கி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ‘அப்பா, விடுதியில இடம் கிடைச்சிருக்கு. போகட்டுமா?’ என்று மகள் கேட்டிருந்தாள். அடியில், ‘சூப்பர்டா கண்ணு! தாராளமா போ. அப்பா இருக்கேன்ல!’

படித்துவிட்டு அவன் முதலில் சொன்னது இதுதான்: “பாரேன், ‘அப்பா இருக்கேன்ல’ன்னு அப்படியே என்னை மாதிரியே போட்டிருக்கு!”

அவள் ஃபோனை இறக்கவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு மெதுவாகத்தான் இறங்கியது, அவன் லிஃப்ட்டுகளைவிட மெதுவாக.

“செட்டிங்ஸ்ல ஏதோ தப்பு...”

“ஒரு தப்பும் இல்ல. உங்க பழைய மெசேஜை எல்லாம் எடுத்துப் பாருங்க. ‘சூப்பர்’, ‘சரிடா’, ‘ஓகே கண்ணு’. இதைத் தவிர என்ன எழுதியிருக்கீங்க? அது பாவம், படிச்சதைச் சொல்லுது.”

மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அதை எழுதினது நான் இல்லம்மா” என்றான் அவன்.

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சுமா அதுகிட்ட கேட்டே?”

“உன்கிட்ட கேட்டாலும் அதேதானே வந்திருக்கும். நீ படிச்சுகூடப் பார்த்திருக்க மாட்டே.”

“உனக்குப் போகணுமாடீ?” என்றாள் அம்மா.

“போகணும். ஆனா யாராவது ‘ஏன் போறே’ன்னு கேப்பீங்கன்னு பார்த்தேன்.”

அவன் பெரிய மனுஷனாக நிமிர்ந்து உட்கார்ந்தான். நாளைக்கு லீவு, மூன்று பேருமாகப் போய் விடுதியைப் பார்க்கிறோம், பார்த்த பிறகுதான் சரியா இல்லையா என்பது என்று தீர்ப்புச் சொன்னான். இந்த அளவுக்காவது உறைத்ததே என்று அவளுக்குக் கொஞ்சம் மனசு இளகியது.

விடுதியில் அவன் நன்றாகவே ஆரம்பித்தான். கட்டிலை அழுத்திப் பார்த்தான். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டான். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றுகூடப் பார்த்தான். மகள் அவன் பின்னாலேயே நடந்தாள். அப்பன் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அவள் முகம் மலர்ந்தது. நல்லதோ கெட்டதோ, அவன் வாயால் ஒரு வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தாள். அப்போதுதான் வார்டன், “எங்க ஆப்ல எல்லாமே வந்துடும் சார். பொண்ணு எப்ப எழுந்தா, என்ன சாப்பிட்டா, எவ்வளவு ஓடினா...” என்றார்.

“நேரடியாவா வரும்?” என்றான் அவன். கண்ணில் விளக்கெரிந்தது.

அதன்பிறகு அவன் எந்தக் குழாயையும் திறக்கவில்லை. வார்டனோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு ஃபோனில் தலையைக் கவிழ்த்தான். “பிரமாதம்! கண்ணு, நீ தாராளமா இங்க சேரலாம்” என்றான், நிமிராமல்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். “போறேன்ம்மா” என்றாள். சம்மதம் கேட்கிற குரல் இல்லை அது. கையெழுத்தை அம்மாதான் போட்டாள். பேனாவை அழுத்திப் போட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் மகள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். பின் சீட்டில் அவன் ஆப்பை இறக்கிக்கொண்டிருந்தான்.

“அங்க போனதும் தினமும் உனக்குக் கால் பண்றேம்மா. உன் குரல் கேக்கணும்.”

“அப்ப எனக்கு?” என்று பின்னாலிருந்து தலை நீட்டினான் அவன்.

“உனக்கு எதுக்குப்பா? அதான் ஆப் இருக்கே.”

“அதுவும் சரிதான்” என்றான் அவன், சந்தோஷமாக.