மூன்று படி பின்னால் போகிறவள்

எனக்கு முடி வெட்டும் வேலை. என் மனைவிக்கு ஹெலிகாப்டர் பழுது பார்க்கும் வேலை. சலூனுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று ஒரு நொடி என் கையிலிருக்கும் கத்தரிக்கோலைப் பார்ப்பார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு இன்று என்னைவிட நன்றாக ஹெலிகாப்டர் விதிமுறை தெரியும். ஏன் என்று சொல்கிறேன்.

கல்யாணம் ஆன புதிதில் இவளுக்கு ஏதோ வியாதி என்றுதான் நினைத்தேன். ஒரு நட்டை முறுக்கினால் அதன் மேலே ஆரம்பித்துப் பக்கத்துத் தகடு வரைக்கும் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிடுவாள். கோடு உடைந்திருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். ஹெலிகாப்டருக்குச் சரி. என் சலூன் நாற்காலிக்கு எதற்கு? கேட்டதற்கு, "உக்காந்திருக்கவங்க தலையிலதான நீங்க கத்தி வைக்கிறீங்க" என்றாள். சரி, போட்டுக்கொள் என்றேன். சரி என்றதால் அடுத்த வாரம் என் சீப்பு, கத்தரிக்கோல், கத்தி ஒவ்வொன்றின் உருவத்தையும் சுவரில் ஒரு பலகையில் வரைந்து மாட்டிவிட்டாள். ஹெலிகாப்டர்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கரில் அப்படித்தான் இருக்குமாம். வேலை முடிந்ததும் எந்த உருவம் காலியாக இருக்கிறதோ, அந்தக் கருவி ஹெலிகாப்டருக்குள் கிடக்கிறது என்று பொருள். அது கிடைக்கிறவரை ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பாது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் ஒரு சீப்பைக்கூடத் தொலைத்ததில்லை என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். சமையலில் நடப்பதுதான் கொடுமை. வேலைக்கு நடுவில் யாராவது கூப்பிட்டுக் கவனம் கலைந்தால், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, மூன்று படி பின்னால் போய் அங்கிருந்து மறுபடி செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு பழக்கம். அடுப்பில் உருளைக்கிழங்கு வேகும்போது பக்கத்து வீட்டுக்காரி வாசலில் கூப்பிடுவாள். இவள் போய்ப் பேசிவிட்டு வந்து மூன்று படி பின்னால் போவாள். அதில் இரண்டாவது படி உப்பு போடுவது. அன்றைக்கு நானும் மகளும் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்தோம்.

இவ்வளவு ஒழுங்கான ஆளுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. செய்த வேலையைச் சரிபார்த்து, 'இது பறக்கத் தகுந்தது' என்று முத்திரை குத்த ஹேங்கரில் சிலருக்குத்தான் உரிமை. அதற்குப் பரீட்சை உண்டு. எஞ்சின் தாளில் எப்போதும் முதல் ஆள் இவள்தான். விதிமுறைத் தாளில் நான்கு தடவை மண்ணைக் கவ்வினாள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அது எந்தப் பிரிவில் எந்த உட்பிரிவில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். நான்காவது தடவை தோற்றபோது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றுகொண்டு இல்லாத இருமலை இருமினேன்.

ஐந்தாவது தடவைக்குச் சலூனே படித்தது. விடுமுறை நாளில் அவள் காத்திருப்போர் பெஞ்சில் உட்காருவாள், நான் முடி வெட்டிக்கொண்டே கேள்வி கேட்பேன். அவள் திணறினால் முகத்தில் நுரையோடு இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். தபால்காரர் உட்பிரிவோடு சேர்த்துச் சொல்வார். பரீட்சை முடிவு வந்த அன்று எல்லோருக்கும் இலவசமாக முகச்சவரம் செய்தேன். தாடி வைத்திருப்பவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள்.

கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அதில் அவளுடைய எண். அதை வைத்துக்கொண்டு அவள் வீட்டில் நடந்த நடை இருக்கிறதே! ஆனால் முதல் தொண்ணூறு நாள் சோதனைக் காலம். அதற்குள் அவள் முத்திரை குத்திய வேலையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ஸ்டாம்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தலைமை ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. வாங்கிவிட்டால் மறுபடி பரீட்சை. இன்னொரு தடவை அந்த விதிமுறைத் தாளுக்கு உட்காரத் தன்னால் முடியாது என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அறுபத்தோராம் நாள் நான் கெடுத்தேன்.

அன்று காலை சலூனில் ஆள் இல்லை. டிவி பார்க்கலாம் என்றால் ரிமோட்டைக் காணோம். வேலை நேரத்தில் அவள் கைபேசி அலமாரியில் பூட்டியிருக்கும் என்று தெரியும். எனவே ஹேங்கர் அலுவலகத்துக்கே போன் போட்டு, அவசரம், வீட்டிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பதறிக்கொண்டு ஓடிவந்தவளிடம் ரிமோட் எங்கே என்று கேட்டேன். "சாயந்திரம் பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். திட்டு விழப்போகிறது என்று தெரிந்ததால் நானே முந்திக்கொண்டு அசடு வழிந்தேன். ரிமோட்டைத் தேடாத இடமில்லை, கடைசியில் பார்த்தால் என் இடப்பக்கமே கிடந்தது, நான் வலப்பக்கம் மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏங்க, நான் இடப்பக்கம்தான் நின்னுட்டிருந்தேன்."

எங்கே என்று கேட்டேன். ஏணியில் என்றாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். எஞ்சினை மூடும் பெரிய மூடிக்கு இடமும் வலமும் ஒவ்வொரு கீல். ஒவ்வொரு கீலிலும் நட்டை முறுக்கி, நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஓர் ஊசியைச் செருகி, ஊசியின் இரண்டு கால்களையும் விரித்து மடக்க வேண்டும். இவள் இடது கீலில் ஊசியைச் செருகிய நேரத்தில்தான் என் போன். இறங்கி ஓடினாள். அந்த இடைவெளியில் யாரோ தரையைத் துடைப்பதற்காக ஏணியை வலப்பக்கம் நகர்த்திவிட்டார்கள். என் மேலிருந்த கோபத்தில் திரும்பி வந்தவள் ஏணியைத் தேடி ஏறினாளே தவிர, கீலைத் தேடி ஏறவில்லை. அங்கே ஊசி இல்லை. சரி, இன்னும் செருகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒழுங்காக மூன்று படி பின்னால் போய், எல்லாவற்றையும் மறுபடி செய்து, ஊசியின் கால்களை அழகாக மடக்கினாள், வலது கீலில். பிறகு இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஊசி இருந்தது. முடிந்த வேலை போலவே இருந்தது. பலகையில் எல்லாக் கருவிகளும் இருந்தன. முத்திரை குத்திவிட்டு வந்துவிட்டாள்.

"மடக்காத ஊசி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அதிர்வுல நழுவும். நட்டு கழலும். மூடி பிச்சுக்கிட்டுப் பின்னாடி வால் விசிறியில போய் அடிக்கும். இன்னைக்கே ஆகணும்னு இல்ல. ஆகாதுன்னும் சொல்ல முடியாது."

கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைக்கு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய ஹெலிகாப்டர் அது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? ஸ்டாம்ப் போய்விடுமே, ஹேங்கரில் சிநேகிதர் யாரையாவது கூப்பிட்டு, சும்மா ஒரு தரம் இடது கீலைப் பார்க்கச் சொன்னால் என்ன என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. எச்சில் கையோடு போனை எடுத்துத் தலைமை ஆய்வாளரையே கூப்பிட்டு, ஹெலிகாப்டரை நிறுத்தும்படி சொன்னாள். தான் ஒரு பிழை விட்டிருக்கலாம், வந்து காட்டுகிறேன் என்றாள்.

ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். ஹேங்கர் வாசலில் என் சட்டைப் பையில் இருந்ததை எல்லாம் எடுக்கச் சொல்லி எண்ணி எழுதிக்கொண்டார்கள். இரண்டு சீப்பு, ஒரு பொட்டலம் பிளேடு, சில்லறை. பார்வையாளர் தரையிலிருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாதாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

உள்ளே விமானி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றி அவள் நிறையச் சொல்லியிருக்கிறாள். இவள் கருவிகளை எண்ணி முடிப்பதற்குள் மூன்று தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனுஷன், இவளைக் கேலியாக 'எண்ணம்மா' என்று கூப்பிடுகிறவர். ஆறு பயணிகளும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு சிடுசிடுவென்று உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆய்வாளர் ஏணியை இடப்பக்கம் போடச் செய்தார். அவரே ஏறி மூடியைத் திறந்து, விளக்கை அடித்துப் பார்த்தார். கீழே இறங்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

"ஊசி மடக்கல" என்றார். "யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார்."

"யார் பண்ணது?"

"அதுவும் நான்தான் சார்."

கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே, போன் பண்ணியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கத்திவிட்டேன். என்ன அவசரத்துக்குப் போன் என்று அவர் கேட்டார். சொன்னேன். சிடுசிடுத்துக்கொண்டிருந்த ஆறு பேரில் ஒருவர் சிரித்துவிட்டார். தலைமை ஆய்வாளர் சிரிக்காமல், அதை அப்படியே அறிக்கையில் எழுதினார். டிவி ரிமோட் பற்றிய வரி ஒன்று இன்றும் அந்தக் கோப்பில் இருக்கிறது. ஆள் இறங்கினால் அவருடைய ஏணியை யாரும் நகர்த்தக் கூடாது என்ற புது விதியும் அதற்குக் கீழேயே இருக்கிறது.

எழுதி முடித்துவிட்டு அவர் கையை நீட்டினார். அவள் பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிழையை வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் இதைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பேன் என்றார். பிறகு, அறுபத்தொரு நாளும் போயிற்று, இன்று ஒன்றாம் நாள், மறுபடி தொண்ணூறு எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் அதை வாங்கினாள், ஆனால் பையில் போடவில்லை.

உங்களுக்கு இன்றைக்கு மனசு சரியிருக்காது, இந்த வேலையை அடுத்த ஷிப்டில் இருக்கிற மூத்தவர் செய்து முத்திரை குத்தட்டும், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம் என்று அவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவளும் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. இவள் இனிமேல் அந்த ஸ்டாம்பை எடுக்கவே மாட்டாள், நாளைக்கும் மனசு சரியிருக்காது, மறுநாளும் இருக்காது, நான்கு தடவை தோற்றவளை என் ஒரு போன் ஐந்தாவது தடவையாகத் தோற்கடித்துவிட்டது என்று தோன்றியது.

அப்போதுதான் விமானி நடப்பதை நிறுத்தினார்.

"அவங்களே செய்யட்டும் சார்."

பிழை விட்டவரே செய்வதென்றால், படிகள் எழுதிய வேலை அட்டை முழுவதையும் முதல் படியிலிருந்து செய்ய வேண்டியிருக்கும், ஐம்பது நிமிஷம் ஆகும் என்றார் தலைமை ஆய்வாளர்.

"ஆகட்டும். ஓட்டப்போறது நான். அவங்க கையெழுத்து இல்லாம நான் ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் போய்ப் பயணிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, அட்டையின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

ஐம்பது நிமிஷம் என்று சொன்னது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு பழைய ஊசிகளையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டாள். இடம், வலம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். கருவிகளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள். அந்த மனுஷன் ஒரு தரம்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டாள். அவர் வந்து அந்தத் தாளைப் படித்தார். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறினார். எண்ணம்மா என்று கூப்பிடவில்லை.

ஆறு பேரோடு அது கடல் பக்கம் திரும்பி, புள்ளியாகி மறைகிறவரை அவள் நின்று பார்த்தாள். பிறகு சிவப்புக் கோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பரீட்சையில் தேறிய அன்றும், ஸ்டாம்ப் கைக்கு வந்த அன்றும் அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சந்தோஷம் அன்றெல்லாம் இல்லை.

"எனக்காகக் காத்திருந்தாருங்க" என்றாள்.