நெற்றியில் மூன்று கோடு

நெற்றியில் மூன்று சிவந்த கோடுகள் தடித்துக் கிளம்பிய அன்று, இன்டர்நெட்டில் இருந்த நோய்களில் மிக மோசமானதை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். வீட்டுப் பத்திரம் அலுமாரியில் எந்த லாச்சிக்குள் இருக்கிறது என்று மனைவிக்குக் காட்டிவிட்டுத்தான் டொக்டரிடம் போனேன். ரிசெப்ஷனில் இருந்த பெண் என்னை உள்ளே விடவில்லை. இதற்கு பார்மசியே போதும் என்று ஒரு துண்டு எழுதித் தந்தாள். கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருக்கும் நோர்பரியில் அந்த பார்மசிக்காரர் எங்கள் ஊர்ப் பெண்தான். ஒல்லியான உருவம், வெள்ளைக் கோட்டு, கொண்டையில் செருகிய பேனை. எதற்கும் உடனே பதில் சொல்ல மாட்டார். மேசையில் இருக்கும் மருந்துப் பெட்டிகளை நேராக அடுக்கிவிட்டுத்தான் வாய் திறப்பார். அவர் அடுக்கி முடிப்பதற்குள் நான் இரண்டு தரம் செத்துப் பிழைத்தேன்.

"அண்ணை, புதுசா விபூதி ஏதும் வாங்கினனீங்களோ?"

"ஓம், வாசம் போட்ட பைக்கட் ஒண்டு. டொக்டரிட்டப் போறதெண்டு நெத்தியைக் கழுவிப்போட்டு வந்தனான்."

"அதை நிப்பாட்டுங்கோ. இந்தக் கிரீமைப் பூசுங்கோ. ஒரு கிழமைக்குள்ள மாறாட்டி நானே உங்களை டொக்டரிட்ட அனுப்புறன்."

முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. எனக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை.

"தங்கச்சி, நீங்கள் கொஞ்சம் சிரிச்சாலாவது எனக்கு மனம் ஆறும்."

அவர் இன்னொரு பெட்டியை நேராக்கினார்.

"கடை பூட்டினாப் பிறகு சிரிப்பன் அண்ணை."

கோடுகள் நாலு நாளில் மறைந்துவிட்டன. அவர் அன்று எவ்வளவு நேரம் சிரித்திருப்பார் என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.