பெரியவருக்கான சில்வண்டு

ஆர்ஜொந்தெய் என்ற பிரெஞ்சு ஊரில் நான் வேலை செய்யும் சீன உணவகத்து முதலாளியம்மாவின் தகப்பன் இறந்துபோனார். அவர் கழுத்தில் எப்போதும் தொங்கிய ஜேட் கல் சில்வண்டு ஆதிகாலத்துப் புதைகுழிப் பொருள். பிணத்தின் நாக்கில் வைப்பதற்கென்றே செதுக்கியதாம். எங்கள் வாய்க்கரிசி மாதிரி என்று புரிந்துகொண்டேன். பெரியவர் அதற்குத் தங்கத்தில் கூடு கட்டி அணிந்திருந்தார். கூட்டைக் கழற்றி, சவப்பெட்டி மூடும் மூன்று மணிக்குள் கல்லைக் கொண்டுவரச் சொல்லி முதலாளியம்மா என்னை எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் ரூ பெர்தொனே தெருவுக்கு அனுப்பினார்.

நகைக்கடைக்காரர் பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டார். பாசி நிறம், விரல் நீளம், நாலே வெட்டில் இரண்டு இறக்கை. இப்படியொரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமல் எப்படிப் போவது? தேத்தண்ணிக் கடையில் இருந்த எல்லோருக்கும் காட்டினேன். ஈராயிரம் வருடம் பழசு என்றேன். யாரும் மலைக்காததால் மூவாயிரம் ஆக்கினேன்.

அந்தக் கூடுதல் ஆயிரத்தை நம்பிய ஒருவன் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்துச் சந்துவரை பின்னால் வந்தான். எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், இருபது வயது இருக்கும். சுவரோடு சாத்தி முழங்காலால் வயிற்றில் இடித்தான். நான் கல்லை வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.

"அண்ணை, வாயைத் திறவுங்கோ."

மரியாதை தவறாத பிள்ளை. அதே மரியாதையோடு தாடையில் குத்தினான். கல் அசையவில்லை, பல் நொறுங்கியது. தலைமயிரைப் பிடித்து இரண்டு தரம் சுவரில் மோதினான். கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. விழுங்கிவிட்டால் என்னையும் சேர்த்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டிவரும் என்று தோன்றியது.

"உங்களை அடிக்க எனக்கு விருப்பமில்லை அண்ணை," என்று சொல்லி மூக்கை உடைத்தான்.

பிறகு இரண்டு விரலை என் வாய்க்குள் விட்டுத் தோண்டினான். கல்லைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு, எலும்பு தட்டும்வரை கடித்தேன். மரியாதையெல்லாம் தமிழில் இருந்தது. அலறியது முழுக்கப் பிரெஞ்சில். உதறிக்கொண்டு ஓடினான். வாழ்நாளில் நான் வென்ற ஒரே சண்டை அது.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பெரியவரைக் கிடத்தியிருந்த கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என் முகத்தைப் பார்த்து முதலாளியம்மா பதறினார். மெட்ரோப் படியில் விழுந்தேன் என்றேன். கல்லை மூன்று தரம் கழுவியிருந்தேன். ஆனாலும் இறக்கை வெட்டில் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் கிளறியெடுத்து, இது என்ன என்று கேட்டார். நகைக்கடை வேலை அவ்வளவு சுத்தமில்லை என்று பழியை அங்கே போட்டேன். அவர் அதைச் சுண்டியெறிந்துவிட்டு, சில்வண்டைத் தகப்பனின் நாக்கில் வைத்தார்.

என் பல் துண்டு அந்தக் கூடத்துத் தரையில்தான் எங்கோ கிடந்தது. அத்தனை பேர் அழும்போது குனிந்து தேட வெட்கமாக இருந்தது.